மெய்நிகழ்

பேரிடர்க்கால மக்கள் நலவாழ்வுப் பயிற்சி மையத்தின் இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் அகராதி. நிறையச் சொற்கள் தெரிந்தவர் என்ற பொருளில் அவர் அதை எடுத்துக்கொண்டார். அகராதி பிடித்தவர் என்ற பொருளில் அவர்கள் வைத்திருந்தார்கள். இரு தரப்புக்கும் மனக்குறை இல்லாததால் பெயர் நிலைத்துவிட்டது.

வெள்ளமோ, புயலோ, போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாமோ, இப்போது புதிதாகச் சேர்ந்துகொண்ட வெப்ப அலையோ, எதுவாக இருந்தாலும் அவர் முதலில் அதற்கொரு சொல் செய்வார். கட்டில், மருந்து, தண்ணீர் லாரி எல்லாம் பிறகுதான். ஸ்ட்ரெச்சர் அவர் கைபட்டு 'ஏந்துபடுக்கை' ஆனது. தூக்குகிறவர்கள் அவர் முன்னால் ஏந்துபடுக்கை என்பார்கள்; தலை மறைந்ததும், "அந்த ஸ்ட்ரெச்சரை இப்படித் தள்ளுப்பா" என்பார்கள். யாருக்கும் கெடுதல் இல்லாத பொழுதுபோக்கு. கடைசியாக அவர் செய்த ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல்லால் அவருடைய அக்கா இறந்துபோனார்.

அக்கா ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மையத்தில் ஒத்திகை நடக்கும்போதெல்லாம் நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் பிணமாகப் படுத்துக்கொண்டே போனை எடுத்துப் பார்க்கிறார்கள். அக்கா அப்படி இல்லை. இடிந்த கட்டடத்தின் அடியில் கிடந்திருக்கிறார், காலராவில் சுருண்டிருக்கிறார், வெள்ளத்தில் மிதந்து வந்திருக்கிறார். மயங்கிக் கிடக்கச் சொன்னால் மூக்கில் எறும்பு ஏறினாலும் இமை அசையாது. "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களை மத்தியானம் தூங்க வச்சவடா நான். டீச்சர் தூங்குற மாதிரி நடிச்சாதான் அதுங்க தூங்கும்" என்பார். மையத்தில் அவருக்கு மயக்கம் அக்கா என்றே பெயர்.

அக்காவின் மகள் அதே மையத்தில் செவிலியர். முப்பது வயது தாண்டியும் வீட்டில் பாப்பாதான். அப்பா இல்லாத பெண். தாய்மாமன் சொல்தான் அவளுக்கு எல்லாமே. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இயக்குநர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்யாணப் பத்திரிகைக்குச் சரியான சொல் கிடைக்காததால் அப்படியே விட்டுவிட்டான் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

வெப்ப அலை ஒத்திகைக்காக அவர் செய்த சொல்லை முதன்முதலில் அரங்கேற்றியது அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான்.

ஒத்திகையில் ஒரு சிக்கல் உண்டு. நடிப்பவர்கள், "உண்மையாவே வலிக்குது, நிஜமா முடியலை" என்று கத்த வேண்டும். அப்போதுதான் பயிற்சிக்கு வந்தவர்களின் நிதானம் தெரியும். ஆனால் நடிக்கிற ஆளுக்கே நிஜமாக ஏதாவது ஆகிவிட்டால்? உண்மை, நிஜம், சத்தியம் எல்லாம் ஏற்கெனவே நாடகத்தில் செலவாகிவிட்டன. அதற்காக வேறெங்கும் பயன்படாத ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்வார்கள். அதைக் கேட்டதும் ஒத்திகை நின்றுவிட வேண்டும். இதுவரை அந்தச் சொல் 'சிவப்பு வாளி'. கேவலமாக இருந்தாலும் வேலை செய்தது.

"சிவப்பு வாளியைத் தூக்கிட்டேன்" என்றார் இயக்குநர். "ஒத்திகைக்குப் பேரு 'மெய்நிகர்ப் பயிற்சி'. மெய்க்கு நிகரானது. நிஜமா ஏதாவது நடந்தா அது 'மெய்நிகழ்'. மெய்யாவே நிகழ்வது. எப்படி?"

அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ரெண்டுக்கும் ஒரு எழுத்துதானேடா வித்தியாசம்?"

"அதுதான்க்கா அழகு."

"அழகை வச்சு என்ன பண்ண? ஒருத்தி பதறிக்கிட்டு கத்துறா. அது அடுத்தவன் காதுல வேற மாதிரி விழுந்துச்சுன்னா?"

"ஒழுங்கா உச்சரிச்சா ஒழுங்கா விழும்." அவர் பாப்பாவைப் பார்த்தார். "எங்க, வாழைப்பழம் சொல்லு."

"வாளப்பளம்" என்றாள் பாப்பா, வேண்டுமென்றே வாயை அகலத் திறந்து. அவளுக்கு ழகரம் பிறவியிலிருந்தே வரவில்லை. "பளத்தை உரிச்சோமா தின்னோமான்னு போவீங்களா, அதுகிட்டப் போய் பேரு கேட்டுக்கிட்டு."

"செவிலியர் படிப்பு படிச்சிருக்கா, நாக்கு மடங்கலை. மேலண்ணத்தைத் தொடாம, பின்னால வளைச்சு..."

"விடுடா" என்றார் அக்கா. "அவ ஊசி போட்டா வலிக்கறதில்லை. நீ பேசினாதான் வலிக்குது."

பாப்பா சிரித்ததில் புரையேறிவிட்டது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. சிவப்பு வாளி அன்றோடு ஒழிந்தது.

ஒத்திகையை வெயில் ஏறுவதற்கு முன்பான மாதத்தில்தான் முதலில் வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்டவர் துறைச் செயலர். தூய தமிழில் கட்டுரை எழுதுகிறவர், பிறமொழி கலந்து பேசுகிறவர்களை முகத்துக்கு நேராகவே திருத்துகிறவர். அவருக்குத் தேதி கிடைக்கவில்லை. தள்ளித் தள்ளி, கோடை உச்சியில் ஒரு நாள், நடுப்பகலில் வருவதாகச் சொன்னார். வெயிலிலிருந்து மக்களைக் காப்பது எப்படி என்று காட்ட, மக்களை வெயிலில் படுக்கவைப்பதென்று முடிவாயிற்று.

"அம்மா, இந்தத் தடவை நீ வேணாம்" என்றாள் பாப்பா. "பிரஷர் மாத்திரை போடுற. அது உடம்புல இருக்கற தண்ணியெல்லாம் வெளிய தள்ளிடும். வெயிலுக்கு ஆகாது."

அக்காவுக்கும் அந்த வெயிலில் போக மனமில்லை. தம்பி முகத்தைப் பார்த்தார்.

"நீ இல்லாம எப்படிக்கா? செயலர் வர்றார். மத்தவங்க படுத்தா படுத்த மாதிரிதான் இருக்கு. நீ படுத்தாதான் மயக்கம் மாதிரி இருக்கு."

"சரி விடு பாப்பா. நான் போகலைன்னா இவன் ஆள்களைப் பேசியே மயக்கம் போட வைப்பான். பாவம்."

அன்று மைதானத்தில் நோயாளிகளுக்கும் நிழல் இருந்திருக்க வேண்டும். மேடைக்கு வெயில் சாய்வாக விழுகிறது என்று யாரோ சொன்னதும், நோயாளிகள் படுக்கிற இடத்துக்கு மேலே கட்டியிருந்த பச்சை வலையை அவிழ்த்துக் கொண்டுபோய் மேடைக்குக் கட்டினார்கள். நீர் தெளிக்கிற மின்விசிறி மேடையைப் பார்த்துச் சுற்றியது. ஐஸ் மூட்டைகளில் பாதி, விருந்தினர்களுக்கான குளிர்பானப் பெட்டிக்குப் போனது. மீதி, மேடைக்குப் பக்கத்திலிருந்த நீலத் தொட்டியில் கொட்டப்பட்டது. வெப்பத்தாக்கு வந்தவரை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும் என்பதைக் காட்டும் தொட்டி அது. அதில் சட்டை போட்ட ஒரு ரப்பர் பொம்மை கழுத்துவரை ஜில்லென்று படுத்திருந்தது. மைதானத்திலேயே சுகமாக இருந்தது அதுதான்.

விருந்தினர் மேடை ஏறியதும் காட்சி தத்ரூபமாக இருக்க வேண்டும் என்பதற்காக, நோயாளிகளை வரவேற்புரைக்கு முன்னாலேயே படுக்க வைத்துவிட்டார்கள். செயலர் தாமதமாக வந்தார். பிறகு அவருக்கு மாலை, பிறகு வரவேற்புரை, பிறகு செயலரின் உரை. மாறிவரும் பருவநிலையில் எளிய மக்களே முதலில் பாதிக்கப்படுகிறார்கள் என்று அவர் உருக்கமாகப் பேசினார். எளிய மக்கள் எதிரே தார்ப்பாயின் மேல் மல்லாந்து கிடந்தார்கள்.

ஒத்திகை தொடங்கியதும் பங்கேற்பாளர்கள் வண்ணச் சீட்டுகளோடு ஓடினார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், நடமாடுகிறவர்களுக்குப் பச்சை. ஓரமாக நின்று மேற்பார்வை பார்ப்பது பாப்பாவின் வேலை. அம்மாவின் பக்கம் வந்தபோது, அவர் சேலையில் மஞ்சள் சீட்டு குத்தியிருந்தது.

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு ரகசியக் குறிப்பு உண்டு. மயங்கிக் கிடக்கும்போது பாப்பா உள்ளங்கையில் விரலால் சுரண்டுவாள். அக்கா கண்ணைத் திறக்காமல் அந்த விரலை ஒரு பிடி பிடித்து விடுவார். பாப்பா குனிந்து சுரண்டினாள். கை அப்படியே கிடந்தது. மறுபடி சுரண்டினாள். கை காய்ந்த ஓடுபோலக் கொதித்தது. வியர்வை ஒரு பொட்டு இல்லை.

"அம்மா. அம்மா, போதும். எந்திரி."

உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது. பாப்பா வாக்கி டாக்கியை எடுத்து அம்மாவின் தலைமாட்டில் மண்டியிட்டாள்.

மேடையில் அந்த நேரத்தில் செயலர், பதாகையைப் படித்துவிட்டு, "மெய்நிகர்ப் பயிற்சி. அருமையான சொல்லாட்சி. சொல்லாக்கம் தங்களுடையதா?" என்று கேட்டிருந்தார். இயக்குநருக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. மேசைமேல் இருந்த கருவி கரகரத்தது.

"மெய்நிகள்! மாமா, மெய்நிகள்! மெய்நிகள்!"

செயலர் புருவத்தை உயர்த்தினார். "ஊழியர்களும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்களோ? உச்சரிப்புத்தான் சற்று..."

இயக்குநருக்கு முகம் சூடாகிவிட்டது. இத்தனை பேர் முன்னால் மாமா என்கிறாள். அது போதாதென்று சொல்லையும் கொலை செய்கிறாள். கருவியை எடுத்தார், மேடையில் எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாக, ஒரு புன்னகையோடு சொன்னார்:

"மெய்நிகர். 'ள்' இல்லைம்மா, 'ர்'. மெய்நிகர்ப் பயிற்சி நன்றாகவே நடக்கிறது. தொடருங்கள்."

செயலர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

பாப்பாவுக்கு முழுதாகக் கேட்கவில்லை. நன்றாகவே, தொடருங்கள் என்பது கேட்டது. மாமாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆள் அனுப்புகிறார், அதுவரை செய்வதைத் தொடரச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். அம்மாவின் ரவிக்கையைத் தளர்த்தினாள். தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றினாள். சீட்டு அட்டையால் விசிறினாள். யாரும் வரவில்லை. எழுந்து நின்று, "நிஜமா! இது நிஜமாவே! எங்க அம்மா!" என்று கத்தினாள். மதிப்பெண் போட வந்திருந்தவர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழுதினார்: உறவினரின் பதற்றம், மிக இயல்பு.

பிறகு அவள் தன் அம்மாவைத் தானே அள்ளித் தூக்கினாள். தூக்கிக்கொண்டு அவள் மேடையைப் பார்த்துத் தள்ளாடி ஓடிவருவதையும், அக்காவின் தலை பின்னால் தொங்குவதையும் பார்த்துத்தான் இயக்குநர் எழுந்தார். மேடையிலிருந்து குதித்தார். தொட்டியிலிருந்த பொம்மையை இழுத்து வெளியே எறிந்தார். அக்காவைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஐஸ் பெரும்பாலும் உருகிவிட்டிருந்தது. குளிர்பானப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்லி அவர் அலறினார். அக்காவின் தோளைச் சுற்றி ஐஸ் கட்டிகளோடு ஆரஞ்சு நிறப் பாட்டில்கள் மிதந்தன. பின்வரிசையில் யாரோ, ஒத்திகையின் உச்சக்கட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மருத்துவமனையில் அக்கா கண் விழிக்கவில்லை. சிறுநீரகம் நின்றது, பிறகு ஈரல், பிறகு மற்றதெல்லாம். சீக்கிரம் குளிர வைத்திருந்தால், என்று ஆரம்பித்த மருத்துவர், எதிரே நிற்பது யாரென்று ஞாபகம் வந்து, அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அதைப் பாடமாக எழுதி எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுத்தவர்தான் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

மையத்தில் ஆய்வுக் கூட்டம் கூடியது. இயக்குநர் தலைமை வகிக்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பாப்பா கடைசி வரிசையில். குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். கட்டமைப்பில் குறையில்லை. குறிச்சொல் பொருத்தமானதே. ஆனால் களத்திலிருந்த ஊழியர் அதன் இறுதி எழுத்தைத் தெளிவாக ஒலிக்கத் தவறியதால் செய்தி உரிய முறையில் சென்று சேரவில்லை. எதிர்காலத்தில் முன்களப் பணியாளர் அனைவருக்கும் உச்சரிப்புப் பயிற்சி அளிக்கலாம்.

"இயக்குநருக்கு ஏதும் சொல்ல இருக்கிறதா?"

இருந்தது. செயலரும் உட்கார்ந்திருந்தார். "இல்லை" என்றார்.

கூட்டம் முடிந்ததும் பாப்பா அவரோடு காரில் ஏறவில்லை. நடந்தே வருவதாகச் சொன்னாள்.

அவர் எங்கெங்கோ சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. செருப்பைக் கழற்றும்போது சமையலறையில் பேச்சுக் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். யாரும் வரவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பாப்பா சுவரைப் பார்த்து நின்று, ஒரு விரலை வாய்க்குள் விட்டு நாக்கை மேலே வளைத்துப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நிகள். நிகல். நிகழ்... நிகள்."

அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். அழுதுகொண்டிருக்கவில்லை. எச்சில் ஒழுகிய விரலைப் பாவாடையில் துடைத்தாள்.

"ஒரு தடவை வந்துச்சு மாமா. கேட்டீங்களா? மறுபடி போயிடுச்சு."

"பாப்பா, வேணாம்."

"நீங்க சின்ன வயசுலயே சொன்னீங்க. நான்தான் விளையாட்டா எடுத்துக்கிட்டேன். அன்னிக்கே படிச்சிருந்தா..."

"உன் மேல தப்பில்லை."

"எல்லாரும்தானே கேட்டாங்க? அறிக்கையில போட்டிருக்கே."

"அறிக்கை கிடக்கு." இயக்குநர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். "நீ பேச ஆரம்பிச்சதுலேர்ந்து உன் பேச்சைக் கேக்குறேன். ழாவை ளான்னுதான் சொல்லுவ. ராவை நீ என்னிக்கும் மாத்திச் சொன்னதே இல்லை. 'நிகள்'னு நீ சொன்னா அது எந்தச் சொல்லுன்னு எனக்குத் தெரியாதா? உலகத்துல வேற யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். யோசிக்கலை. பக்கத்துல அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். உன் பேச்சு எனக்கு வெக்கமா இருந்துச்சு. திருத்தணும்னு மட்டும்தான் தோணுச்சு."

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவள்தான் போய் தீயைக் குறைத்தாள். அவருக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. இன்று கூட்டத்தில் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டால் அதற்கும் அவர் பதில் வைத்திருந்தார். அதுவும் அதே வெட்கம்தான்.

அவள் அதைக் கேட்கவில்லை.

"நான் வாக்கி டாக்கியை அம்மா காதுகிட்டதான் வச்சிருந்தேன்" என்றாள். "முழங்கால்ல உக்காந்திருந்தேன்ல, தலைமாட்டுல. கண்ணு மூடியிருந்தாலும் காது கடைசிவரைக்கும் கேக்கும்னு எங்களுக்குப் பாடத்துல சொல்லியிருக்கு."

அவர் தலை நிமிர்ந்தது.

"எனக்கு அப்போ சரியா விழலை, அப்புறம் மேடையில இருந்தவங்க சொல்லித்தான் தெரியும். 'ள்' இல்லைம்மா, 'ர்'னு நீங்க சொன்னது, அங்க எல்லாரும் சிரிச்சது, அம்மாவுக்குக் கேட்டிருக்குமா மாமா?"

அந்தப் பாடத்தையும் அவர்தான் எழுதியிருந்தார். மயங்கியவர் காதருகே அலட்சியமாகப் பேசாதீர்கள் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தார்.

"கேட்டிருக்காது" என்றார். "நிச்சயமா கேட்டிருக்காது. அவ்வளவு சூடு ஏறினப்புறம் காது கேக்காது."

அவள் திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது, இந்தச் சொல் சரியா தப்பா என்று கேட்டுவிட்டு நிற்பாளே, அப்படி.

"நீங்க சொன்னா சரி மாமா" என்றாள்.

பிறகு சோற்றை வடித்தாள். அக்காவின் தட்டையும் சேர்த்து மூன்று தட்டுகளை எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாள். அவர் முன்னால் ஒரு தட்டை வைத்துப் பரிமாறினாள். அவர் சாப்பிட்டார். அவள் சாப்பிடச் சொன்னதால் சாப்பிட்டார்.